ஒல்லிக்காரியின் கல்லீரல்

ஜெனோவாவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அவளுக்குத் தெரிந்தது. அன்று ஷிப்ட் முடிவதற்குள் அவள் வேலை பார்த்த சரக்குமுனையம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

தூத்துக்குடியில் கடலைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்கு வேலை. நான்கு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஆளில்லாத மூன்று கிரேன்களை இயக்கிக் கப்பலிலிருந்து கண்டெய்னர்களை இறக்க வேண்டும். எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. அப்படியும் நாற்பத்து மூன்று வயதில், நெடுநெடுவென்ற உயரத்துக்கு ஐம்பத்து நாலு கிலோதான் இருந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஊசி'. ஆறு வருடங்களுக்கு முன்னால் சர்க்கரை வந்தபோதுகூட, "ஒனக்கா? ஒன் ஒடம்புல அது எங்கட்டி உக்காந்துச்சு?" என்றுதான் சிரித்தார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு மற்றதையெல்லாம் மறந்துவிட்டாள். கணவன் கிளாட்வின் பேக்கரி வைத்திருந்தான். மாலையில் அவன் கொண்டுவரும் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு அவளுக்கு எந்த யோசனையும் தேவைப்பட்டதில்லை. எடை ஏறினால்தானே பயம்?

அந்த வருடம் நிறுவனம் ஒரு விதி கொண்டுவந்தது. சர்க்கரை உள்ள ஊழியர்கள் எல்லோரும் இடுப்பில் பட்டை கட்ட வேண்டும். நாலு விரல் அகலம், துணி போல மெத்தென்று இருக்கும். ஒலியலைகளால் உள்ளே பார்த்து, குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் கொழுப்பு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். "என்ன, பட்டை போட்டாச்சா?" என்று சாராயத்தை நினைத்துக் கேட்டு ஆண்கள் ஒரு வாரம் சிரித்துக்கொண்டார்கள்.

கட்டிவிட்ட செவிலி பேச்சி சிரிக்கவில்லை. கையிலிருந்த பலகையை இரண்டு தடவை பார்த்தாள்.

"பதினெட்டு காட்டுதுக்கா."

"என்ன பதினெட்டு?"

"ஒங்க ஈரல்ல நூத்துக்குப் பதினெட்டு பங்கு கொழுப்பு. அஞ்சுக்குக் கீழ இருக்கணும்."

"மிஷின் கெட்டுப் போயிருக்கும். என்னப் பாத்தா கொழுப்பு உள்ளவ மாதிரியா இருக்கு?"

"வெளிய தொப்பை இருந்தாத்தான்னு இல்லக்கா. சிலருக்குத் தோலுக்கு அடியில இடம் கம்மி. அப்ப அது உள்ள போயி உக்காந்துக்கிடும். குடலைச் சுத்தி, ஈரலுக்குள்ள. சர்க்கரை இருந்துட்டா இன்னும் சுளுவு. வலிக்காது, கண்ணாடியிலயும் தெரியாது. கொஞ்ச வருசத்துல ஈரல் தழும்பேறி இறுகிரும்."

"ஈரல் குடிக்கிறவங்களுக்குத்தானே கெடும்? நான் குடிக்க மாட்டேனே!"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையை வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், அவள் மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. குளச்சலில் மீன் ஏலக்கூடத்தில் எடைக்கணக்கராக இருந்த அவள் அண்ணன் சந்தியாகு வந்திருந்தான். கண் மஞ்சளாக இருந்தது. கால் வீங்கியிருந்தது. சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு வயிறு முன்னால் நின்றது. அவன் வந்த கோலத்தைப் பார்த்துக் கிளாட்வின் வீட்டார் முகம் சுளித்ததும் ஜெனோவாவுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. இருநூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், "குடிச்சுக் குடிச்சு ஈரலை அழிச்சிட்டு, பச்சப்பிள்ளை விசேஷத்துல வந்து நிக்கியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டாள்.

"நான் குடிக்க மாட்டேனேட்டி" என்றான் அவன். அவனுக்கும் சர்க்கரை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சர்க்கரைக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பந்தியில் எவருக்கும் தெரியாது. யாரோ சிரித்தார்கள். சந்தியாகு இலையை மூடி, கை கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை.

நிறுவனம் எல்லோருடைய எண்ணையும் கேண்டீன் வாசலில் ஒரு திரையில் பெயரோடு ஓடவிட்டது. ஊக்கம் கொடுப்பதற்காம். ஜெனோவாவின் பதினெட்டுதான் அன்றைக்கு உச்சம். முதல் இரண்டு நாள் அது வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் நாள் பேச்சு மாறியது. அவளுக்கு வரவேண்டிய தலைமைக் கிரேன் இயக்குநர் பதவியை நிர்வாகம் நிறுத்தி வைத்தது. பக்கத்து நாற்காலி ஆல்வின் ஏதோ கேட்கிற சாக்கில் அவள் முகத்தருகே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கேண்டீனில் வைத்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "என்ன ஆல்வின், மோந்து பாத்தியே, வாடை வந்துச்சா?"

அவன் தடுமாறினான். "இல்லக்கா… சும்மா… வெளிய அப்படிப் பேசிக்கிடுதாங்க."

"நான் குடிக்கல. எங்க அண்ணனும் குடிக்கல. அவன் குடிச்சான்னு ஊரைக் கூட்டிச் சொன்னது நான்தான். அது பொய். நான் அறியாம சொன்ன பொய். நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்கிடுங்க."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். ஆனால் சொல்ல வேண்டிய ஆளிடம் இன்னும் சொல்லவில்லையே.

அன்று மாலை அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மைனிக்குப் போட்டாள். அண்ணன் மனைவி பிரகாசி எடுத்தாள்.

"மைனி, அண்ணன் எப்படி இருக்கான்?"

"மூணு வருசம் கழிச்சுக் கேக்கியா? இருக்காவ. மதுரையில பாக்கோம். ஈரல்ல துண்டு வைக்கணும்னு சொல்லிட்டாவ. ரத்த சம்பந்தம் இருந்தா நல்லதாம். ரத்தத்துல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்லா மைனி. எனக்கும் ஈரல்ல கொழுப்பு பதினெட்டுன்னாங்க, இருந்தாலும் வந்து பாக்கேன்."

மதுரையில் அந்த மருத்துவமனையின் ஈரல் பிரிவுக்கு டாக்டர் மெஹருன்னிசா பொறுப்பு. ஐம்பது வயதிருக்கும். பேசும்போது பேனாவை மூடித் திறந்துகொண்டே இருந்தார். ஜெனோவாவின் ரத்தத்தைப் பார்த்தார், பட்டையின் எண்ணைப் பார்த்தார்.

"முன்னெல்லாம் சர்க்கரை உள்ளவங்க ஈரல் கொடுக்கவே முடியாதும்மா. இப்போ எலுமிச்சம்பழம் அளவு துண்டு போதும். நாத்து மாதிரி. உள்ளே நட்டா அதுவா வளர்ந்துக்கிடும். ஆனா கொழுப்பு படிஞ்ச துண்டு முளைக்காது. உங்களோடது அஞ்சுக்குக் கீழே வரணும்."

"எத்தனை நாள் இருக்கு டாக்டர்?"

"மூணு மாசம்."

"மூணு மாசத்துல வருமா? இது எத்தனையோ வருசமாச் சேந்தது."

"சேர்றதுக்கு வருஷம் ஆகும். இறங்கணும்னா ஈரல் அவ்வளவு நாள் எடுத்துக்காது. நல்லது செஞ்சா மறக்காத உறுப்பு அது. ஆனா பட்டினி கிடக்கக் கூடாது, கிடந்தா இன்னும் கெடும். இனிப்பு, எண்ணெய்ல பொரிச்சது, குவியலா சோறு இதெல்லாம் போகணும். பருப்பு, மீன், காய் வரணும். தினமும் மூச்சு வாங்க நடக்கணும். கை காலுக்கு வேலை கொடுக்கணும். மருந்து நான் மாத்தித் தர்றேன். இன்னொண்ணு. கொடுக்கிறவங்க எண்ணை வாங்குறவங்க பார்க்கணும்னு எங்க விதி இருக்கு. உங்க அண்ணன் சம்மதிக்கணும்."

அண்ணன் சம்மதிப்பானா என்று அவள் இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் அவள் பட்டையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அவன் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். வார்த்தை எதுவும் வரவில்லை.

மறுநாளிலிருந்து ஜெனோவா விடியற்காலையில் பழைய துறைமுகத்துச் சாலையில் நடந்தாள். முதல் நாள் ரோச் பூங்கா வரை போவதற்குள் நெஞ்சு அடைத்தது. மூன்றாவது வாரம் அதைத் தாண்டிப் போய்த் திரும்பினாள். வேலையில் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் எழுந்து நிற்பதற்கு மேற்பார்வையாளரோடு சண்டை போட்டு அனுமதி வாங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

சிரமப்பட்டவன் கிளாட்வின்தான். கல்யாணமான நாளிலிருந்து அன்பு என்றால் அவனுக்கு ஒரு பொட்டலம். கோபம் தீர ஒரு பொட்டலம், பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி. வெறுங்கையோடு வீட்டுக்கு வருவது அவனுக்கு வெட்கமாக இருந்தது. வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டே நேரம் கடத்துவான்.

"ஒண்ணும் கொண்டாராம வாரது என்னமோ மாதிரி இருக்கு ஜெனோ."

"நீங்க வாரியள்லா, அது போதும்."

ஒரு வாரம் கழித்து அவன் மீன் அங்காடியிலிருந்து ஊளி மீன் வாங்கி வந்து, தானே ஆய்ந்து, எண்ணெய் இல்லாமல் வாழையிலையில் சுட்டான். பேக்கரிக்காரனுக்குச் சூடு தெரியும். மீன் பஞ்சு போல வெந்திருந்தது. அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

எண் இறங்கியது. பதினெட்டு, பதினாறரை, பதினாலு. தினமும் மாலை ஆறரைக்குப் பச்சைப் புள்ளி எரியும். அந்த நேரத்துக்கு அவள் எங்கே இருந்தாலும் கை இடுப்புக்குப் போகும். அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

பனிமயமாதா திருவிழா வந்தது. தேர் பார்க்கச் சொந்தமெல்லாம் கூடிய வீட்டில் பிரியாணி மணத்தது. "ஒரு நாள்தானே" என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் நான்கு நாளாயிற்று. ஐந்தாம் நாள் எண் அரைப்புள்ளி ஏறியிருந்தது. அன்று மாலை பச்சைப் புள்ளி மூன்று தடவை எரிந்தது. பிறகு போனில் ஒரு செய்தி. மூன்று வருடங்களில் அண்ணனிடமிருந்து வந்த முதல் வார்த்தை.

"என்ன தின்ன?"

அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதில் அடித்தாள். "மக்ரூன். ரெண்டு."

"ரெண்டுதானா?"

"நாலு."

பிறகு, "நாளைக்கு நட" என்று மட்டும் வந்தது. ஜெனோவா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க நினைத்து மூன்று தடவை எழுதினாள், மூன்று தடவையும் அழித்தாள். பந்தியில் நின்று கத்தியதை ஒரு செய்தியில் துடைத்துவிட முடியுமா என்ன? முதலில் துண்டைக் கொடுப்போம், பிறகு பேசுவோம் என்று நினைத்தாள்.

பத்தாவது வாரம் எண் ஏழில் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. அவள் கூடுதலாக நடந்தாள். பேச்சி சொல்லிக்கொடுத்தபடி தண்ணீர்க் குடங்களைத் தூக்கி இறக்கினாள். ஏழு. மைனியிடம் கேட்டால், "வயித்துல தண்ணி எடுத்தாவ" என்றாள். அடுத்த வாரம் கேட்டால், "நேத்து ஆளு அடையாளம் தெரியாமப் பேசுனாவ, இப்ப பரவாயில்ல" என்றாள். குரலில் ஒரு கடுமை இருந்தது. அது தன்மேல்தான் என்று ஜெனோவா எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் வாரம் அது ஐந்து புள்ளி எட்டுக்கு வந்தது. கெடு நாள் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை மைனி பேசினாள். "அட்மிட் பண்ணியாச்சு. நாளைக்கு ஆபரேஷன். வாரதா இருந்தா வா."

"எனக்கு இன்னும் வரலையே மைனி! கொழுப்பு இருந்தா முளைக்காதுன்னாங்களே…"

போன் வைக்கப்பட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் கெட்ட துண்டையே வைக்கப் போகிறார்கள் என்று ஜெனோவா முடிவு செய்தாள். அது முளைக்காது. அண்ணன் போய்விடுவான். நாலு மக்ரூன். திருவிழாவின் நாலு நாள். மதுரை போகிற வரைக்கும் கிளாட்வின் ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்திருந்தான்.

மருத்துவமனை அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் சந்தியாகு. கன்னம் ஒட்டி, கண் மஞ்சளேறி, பாதியாக இருந்தான். மற்றொரு கட்டிலை நிறைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். நூறு கிலோவுக்குக் குறையாது. ஜெனோவாவைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றான்.

"வாங்கக்கா. நான் மிக்கேல். அண்ணாச்சிகூட ஏலக்கூடத்துல இருக்கேன். என் ஈரல் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி இருக்காம், டாக்டரம்மாவே சொன்னாவ. மூட்டுதான் ரெண்டும் போச்சு. எனக்குக் கொழுப்பு பூராத் தோலுக்கு அடியிலதானாம்."

ஜெனோவாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இவுக யாரு? இவுக தாராங்களா? எப்ப சொன்னாங்க?"

பிரகாசி சன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. "நீ போன் பண்றதுக்கு ஒரு வாரம் முந்தியே தாரேன்னு சொல்லியாச்சு! ஒனக்குப் போன்ல சொல்ல வேண்டாம்னு வாயக் கட்டிப் போட்டாவ. மிக்கேலுக்கு எல்லா டெஸ்டும் எடுத்து, தேதியும் குறிச்சாச்சு. ஒன் நம்பர் பதினெட்டுன்னு கேட்டதும் ஒங்க அண்ணன் தேதியத் தள்ளி வையுங்கன்னாவ. எவ்வளவு தள்ளலாம்னு டாக்டர்ட்ட கேட்டாவ. மூணு மாசம், அதுக்கு மேல ஒரு நாளும் பொறுப்பில்லன்னு டாக்டரம்மா சொன்னாவ. அந்த மூணு மாசத்தையும் ஒரு நாள் பாக்கி இல்லாம எடுத்தாவ. மூணு மாசமா நான் தாலியப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

வாசலில் வந்து நின்ற டாக்டர் மெஹருன்னிசா பேனாவை மூடினார். "சொல்லாதீங்கன்னு நோயாளி சொன்னா நான் சொல்லக் கூடாதும்மா. ஆனா தினமும் திட்டியிருக்கேன்" என்றார்.

ஜெனோவா கட்டிலருகே போனாள். நிம்மதியா, கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம்தான் முந்திக்கொண்டது.

"எதுக்கு இப்படிச் செஞ்ச? நடுவுல ஒனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன செய்வேன்?"

சந்தியாகுவுக்குப் பேச மூச்சு போதவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"எனக்குத் தெரிய வந்தப்ப வயிறு வீங்கிட்டு. அதுக்கு முந்தி பத்து வருசம் உள்ள என்ன நடந்துன்னு எவனுக்கும் தெரியல. ஒனக்கு நேரத்தோட தெரிஞ்சிட்டு. ஆனா தெரிஞ்சாலும் நீ சும்மா இருப்பட்டி. ஒன்ன எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல ஒனக்காகவா படிச்ச? அப்பா அடிப்பாருன்னு படிச்ச. ஒனக்காகன்னா நீ ஒரு நாள் நடக்க மாட்ட. எனக்காகன்னா நடப்ப."

"நான் பாதியில விட்டிருந்தா?"

"மிக்கேல் இருக்கான்லா." அவன் கண்ணை மூடித் திறந்தான். "ஆனா நீ விடல. தினமும் பாத்தேன். எனக்கு அதவிட நல்ல மருந்து அவிய குடுக்கல."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தாள். மருத்துவர், மைனி, கணவன், முன்பின் தெரியாத ஒரு மிக்கேல் என்று எல்லோரும் இருந்தார்கள். இருநூறு பேர் இல்லை. இருந்தாலும் அதே அளவு சத்தமாகச் சொன்னாள்.

"நீ குடிக்கலண்ணே. நீ குடிக்கவே இல்ல."

சந்தியாகு அவளை ஏற இறங்கப் பார்த்தான். காய்ந்த உதடு மெதுவாக விரிந்தது.

"அது எனக்குத் தெரியுமேட்டி."

முதலில் சிரித்தது மிக்கேல். கட்டில் ஆடியது. பிறகு கிளாட்வின். பிரகாசி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஜெனோவா அண்ணனின் நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டாள். எலும்புதான் தட்டுப்பட்டது.

மறுநாள் அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம் நடந்தது. மாலையில் டாக்டர் வெளியே வந்து, நட்ட இடத்தில் ரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது என்றார். பத்தாம் நாள் சந்தியாகுவின் கண்ணில் வெள்ளை தெரிந்தது. மூன்றாம் வாரம் மைனி போனில், "பசிக்குதுன்னு ஏசுதாவ" என்று புகார் சொன்னாள். மூன்று மாதமாக இருந்த கடுமை அந்தக் குரலில் இல்லை. மிக்கேல் அதற்கு முன்பே ஏலக்கூடத்துக்குத் திரும்பிவிட்டான். சரக்குமுனையத்தில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, அதில் ஆல்வின் முதல் ஆளாகப் போட்டு, கேண்டீன் வாசலில் ஓடிய பெயர்களை நிறுத்த வைத்தார்கள். இனி அவரவர் எண் அவரவருக்கு மட்டும்.

அறுவை சிகிச்சை முடிந்த அன்றே அவள் பட்டைக்கும் அண்ணனுக்கும் நடுவில் இருந்த இணைப்பை மருத்துவமனை துண்டித்துவிட்டது. விதி அப்படி. ஜெனோவா தூத்துக்குடிக்குத் திரும்பிய முதல் மாலை, ஆறரை மணிக்குப் புள்ளி எரியவில்லை. நோயாளி இல்லை, நாள் கெடு இல்லை, திரை இல்லை. அவள் எண்ணைப் பார்க்க உலகத்தில் எவரும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கிளாட்வின் போர்வைக்குள்ளிருந்து, "இன்னைக்குமா போற? இனி யாருக்கு?" என்று கேட்டான்.

ஜெனோவா குடையை எடுத்துக்கொண்டு, "எனக்குத்தான்" என்றாள். படியிறங்கி நடந்தாள்.